வெள்ளக்கல் தூசியும் ஏப்ரல் வெயிலும்: சேலத்து காத்துக்குள்ள நடக்குற வேதியியல்

காத்து மாசுன்னு பேச்சு எடுத்தாலே நம்ம ஊர்ல எடைக்கணக்கு தான் முதல்ல வரும். ஒரு கன மீட்டர் காத்துல எத்தன மைக்ரோகிராம் தூசி, பிஎம் 10 (10 மைக்ரானுக்குள்ள இருக்குற துகள், ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) எவ்ளோ, பிஎம் 2.5 (2.5 மைக்ரானுக்குள்ள இருக்குறது) எவ்ளோ, அனுமதிச்ச அளவுக்கு மேலயா கீழயா, அவ்ளோ தான், பேச்சு முடிஞ்சிடும். 2009ல இந்தியா வகுத்த தரப்படி வருஷ சராசரி பிஎம் 10 60க்குள்ள இருக்கணும், பிஎம் 2.5 40க்குள்ள இருக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2021ல பிஎம் 2.5க்கு 5ன்னு இன்னும் இறுக்கிடுச்சு. இந்த கணக்கு வேணாம்னு சொல்லல, நுரையீரலுக்குள்ள எவ்ளோ போகுதுன்னு தெரிஞ்சாகணும். ஆனா இதுல ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகுது. தூசி காத்துல சும்மா மிதந்துட்டு இருக்கல, வெயில் பட்டதும் அது வேலை செய்ய ஆரம்பிக்குது, பக்கத்துல இருக்குற வாயுக்கள பிடிக்குது, மாத்துது, வேற வாயுவா திருப்பி வெளிய விடுது. என்ன தூசி, அதுல எந்த கல்லு, எந்த உப்பு, எவ்ளோ வெயில் இதெல்லாம் பாக்காம எடை மட்டும் போட்டா பாதி கதை தான் கையில இருக்கும். சேலம் மாதிரி ஊருக்கு விட்டுப்போன அந்த பாதி தான் முக்கியம்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

ஏன் சேலம்னு கேட்டா, இங்க இருக்குற மண்ணையும் கல்லையும் பாருங்க. பெங்களூர் ரோட்டுல மாமாங்கம், கருப்பூர் பக்கம் போனா ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு குவிஞ்சு கிடக்குறது மேக்னசைட், நம்ம ஊரு வழக்குல வெள்ளக்கல், வேதியியல்ல மக்னீசியம் கார்பனேட். அதுக்கு மேல நிக்கிற சேர்வராயன் மலையோட தலைப்பகுதியில பாக்சைட், அலுமினியம் எடுக்குற கல்லு, அதுல டைட்டானியமும் உண்டு. மேற்க கஞ்சமலையில இரும்புக்கல். வயக்காடெல்லாம் செம்மண்ணு, அந்த சிவப்பே இரும்பு ஆக்சைடோட நிறம் தான். இது போதாதுன்னு பெங்களூரையும் மதுரையையும் சேக்குற தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகுது, லாரி பஸ் எல்லாம் அதுல தான். ஒரு அம்பது கிலோமீட்டர் தள்ளி மேட்டூர்ல 1440 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம். மண்ணுல கார்பனேட், டைட்டானியம், இரும்பு, காத்துல நைட்ரஜன் ஆக்சைடும் சல்ஃபர் டை ஆக்சைடும், தலைக்கு மேல வெயில். ஏப்ரல் 20, 21 வாக்குல நடுப்பகல்ல சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில வந்து நிழலே காலுக்கடியில போயிடும், மறுபடி ஆகஸ்ட் 22, 23 வாக்குல ஒரு தடவை. தூசி மேல நடக்குற ஒளிவேதியியலுக்கு என்னென்ன சரக்கு வேணுமோ எல்லாமே இந்த ஒரு பள்ளத்தாக்குல கூடியிருக்கு.

முதல்ல காத்துக்குள்ள வெயில் என்ன பண்ணுதுன்னு சுருக்கமா பாத்துடலாம், இது தெரியாம தூசிக்கு போக முடியாது. காத்துல மிக முக்கியமான ஆளு ஹைட்ராக்சில், ஒரு ஆக்சிஜன் ஒரு ஹைட்ரஜன் ஒட்டின துண்டு, முழுசா இல்லாத மூலக்கூறு, அதனால கண்ணுல பட்ட எதையும் பிடிச்சு வினை புரிஞ்சிடும். ஒரு கன சென்டிமீட்டர் காத்துல மொத்தம் ரெண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறு இருக்குன்னா நல்ல வெயில் நேரத்துல அதுல ஹைட்ராக்சில் சில பத்து லட்சம் தான், அதாவது பத்து லட்சம் கோடியில ஒண்ணுங்கற கணக்கு, ஒவ்வொண்ணும் உயிரோட இருக்குறதே ஒரு செகண்டு கூட இருக்காது. ஆனாலும் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, பெட்ரோல் ஆவி, மரம் விடுற வாசனை வாயு எல்லாத்தையும் உடைக்கிறது பெரும்பாலும் இது தான். மீத்தேன் காத்துல சுமார் 9 வருஷத்துல தீர்ந்து போகுதுன்னா அதுக்கு காரணம் இது. இந்த ஹைட்ராக்சில் எங்கிருந்து வருதுன்னா, பழைய பாடப்புத்தக பதில்: ஓசோன் மேல புற ஊதா கதிர் பட்டு ஒரு ஆக்சிஜன் அணு தெறிக்கும், அது நீராவியோட சேந்து ரெண்டு ஹைட்ராக்சில் ஆகும். சரியான பதில் தான், ஆனா முழு பதில் இல்ல, மீதி எங்க இருக்குன்னு தேடிப் போன இடத்துல தான் தூசி வந்து நிக்குது.

இன்னொரு ஆளு நைட்ரஜன் டை ஆக்சைடு. சேலத்துல வெள்ளி கொலுசு வேலை தெரிஞ்சவங்களுக்கு இத கண்ணால பாத்த பழக்கம் இருக்கும், வெள்ளிய நைட்ரிக் திராவகத்துல போட்டு சுத்தம் பண்ணும்போது பாத்திரத்துல இருந்து செம்பழுப்பா ஒரு புகை கிளம்புமே, மூக்க அடைக்குமே, அது தான். அது பழுப்பா தெரியறதுக்கு காரணம் வெயில்ல இருக்குற நீலத்தையும் அதுக்கு கீழ இருக்குற புற ஊதாவையும் அது உறிஞ்சிக்குது. உறிஞ்சின வெளிச்சம் தான் அத உடைக்கவும் செய்யுது, நடுப்பகல் வெயில்ல ஒரு நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறு ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல தாங்காது, ஒரு ஆக்சிஜன் அணு கழண்டு போய் காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேந்து ஓசோன் ஆயிடும். மிச்சம் நிக்கிற நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனையே தின்னு திரும்ப டை ஆக்சைடு ஆகும், இப்படியே சுத்திட்டு இருந்தா ஓசோன் கூடாது. ஆனா நடுவுல பெட்ரோல் ஆவியோ மர வாசனையோ ஹைட்ராக்சிலோட வினை புரிஞ்சு வந்த துண்டுங்க புகுந்து நைட்ரிக் ஆக்சைட வேற வழியில மாத்திடுச்சுன்னா ஓசோன் மிச்சமாகி சேந்துகிட்டே போகும். லாரியும் பஸ்ஸும் விடுற புகைல தொடங்குற கணக்கு மதியம் ரெண்டு மணிக்கு ஓசோனா முடியறது இப்படித்தான்.

இப்ப தூசிக்கு வருவோம்.

வழக்கமான கதைப்படி நைட்ரஜன் டை ஆக்சைடு ஹைட்ராக்சிலோட சேந்து நைட்ரிக் அமிலம் ஆகும், ராத்திரியில வேற வழியா ஈரமான துகள் மேலயும் ஆகும், அந்த அமிலம் தூசியில இருக்குற கார்பனேட்டோட சேந்து நைட்ரேட் உப்பா ஒட்டிக்கும், மழை வந்து கழுவிடும், கதை முடிஞ்சுது. சுண்ணாம்பு தூசி, அதாவது கால்சியம் கார்பனேட் வச்சு இது நல்லா ஆராயப்பட்ட விஷயம். மேக்னசைட்டும் அதே குடும்பம் தான், ஆனா அமிலத்தோட சேர்றதுல கால்சியம் கார்பனேட்ட விட மெதுவானது. சூளையில போட்டு சுட்டா கார்பன் டை ஆக்சைடு போய் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும், லேசா சுட்டது அமிலத்த சட்டுனு பிடிச்சுக்கும், உருக்காலை உலைக்கு செங்கல் செய்யறதுக்காக ரொம்ப சூட்டுல வறுத்தது மெதுவா பிடிக்கும். எதுவா இருந்தாலும் அமிலத்தோட சேந்தா கடைசியில கிடைக்கிறது மக்னீசியம் நைட்ரேட்.

இந்த உப்புக்கு ஒரு குணம் இருக்கு, கவனிக்க வேண்டிய குணம். ஈரப்பதம் சுமார் 53 சதவீதத்த தாண்டினா காத்துல இருக்குற தண்ணிய தானே இழுத்து தானே கரைஞ்சிடும். இந்த எண்ணு அவ்ளோ துல்லியமா நிக்கிறதால தான் ஆய்வுக்கூடங்கள்ல ஈரப்பதக் கருவிய சரிபாக்கறதுக்கே மக்னீசியம் நைட்ரேட் கரைசல பயன்படுத்துறாங்க. சேலத்துல விடியக்காலைல ஈரப்பதம் பெரும்பாலும் இந்த அளவ தாண்டிடும், அப்ப அப்படி நைட்ரேட் ஏறின துகள் வறண்ட பொடியா இருக்காது, மேல ஒரு உப்புத்தண்ணி படலத்தோட இருக்கும். ரோட்டோர புங்கமரத்து இலைய காலைல தொட்டுப் பாத்தா விரல்ல மாவா ஒட்டாம குழைஞ்சு ஒட்டும், மதியம் அதே இலைல பொறுக்கு தட்டி இருக்கும், இலை மேல பனியும் தான் சேருது, ஆனா காத்துல இருக்குற துகளுக்கும் நனையறதும் காயறதுமா இதே மாதிரி ஒரு நாள் ஓடுது. அந்தப் பக்கம் ஒரு டீக்கடை அண்ணன் கண்ணாடிய துடைச்சுகிட்டே "இது வெறும் கல்லு மாவு தம்பி, துடைச்சா போயிடும்"னார். கண்ணாடி மேல இருக்குற வரைக்கும் அவர் சொன்னது சரி தான்.

காத்துல இருக்கும்போது தான் விஷயம் மாறுது. நைட்ரிக் அமிலம் வாயுவா தனியா இருந்தா வெயில் அத உடைக்க ரெண்டு வாரம் அளவுக்கு ஆகும், அதனால அத செத்த கணக்குல எழுதிட்டாங்க. ஆனா அதுவே நைட்ரேட்டா ஒரு துகள் மேல ஒட்டி உக்காந்துட்டா வெயில்ல வேகமா உடையுதுன்னு கடந்த இருபது வருஷமா ஒண்ணு மேல ஒண்ணா ஆய்வுகள் வந்துகிட்டே இருக்கு. உடைஞ்சா வெளிய வர்றது நைட்ரஜன் டை ஆக்சைடும் நைட்ரஸ் அமிலமும். கழிச்சுக்கட்டுன சரக்கு திரும்ப கடைக்கு வந்துடுச்சு. 2016ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வு ஒண்ணு, அமெரிக்காவோட கிழக்கு கடலோரத்துக்கு அப்பால விமானத்துல பறந்து எடுத்த அளவுகள வச்சு, கடல் காத்துல நைட்ரஸ் அமிலம் எதிர்பாத்தத விட அதிகமா இருக்கு, அதுக்கு துகள்ல இருக்குற நைட்ரேட் தான் காரணம்னு சொல்லுச்சு. எவ்ளோ வேகம்ங்கறதுல தான் சண்டை, சில அளவுகள்ல வாயுவ விட சில மடங்கு தான் வேகம், சிலதுல நூறு மடங்குக்கும் மேல. துகள்ல என்ன உப்பு கூட இருக்கு, எவ்ளோ ஈரம், எவ்ளோ அமிலத்தன்மை, நைட்ரேட் மேற்பரப்புல இருக்கா உள்ள இருக்கா, இதெல்லாம் பொறுத்து மாறுது. அதனால ஒரே எண்ண எல்லா ஊருக்கும் போட முடியாது, கடல் உப்புக்கு வந்த எண்ண வெள்ளக்கல் தூசிக்கு போட்டா தப்பா போயிடும்.

நைட்ரஸ் அமிலம் வெளிய வந்தா என்னங்கன்னு கேக்கலாம். ஓசோன் வழியா ஹைட்ராக்சில் உருவாக குறுகின அலைநீள புற ஊதா வேணும், அது காலைல சாய்ஞ்ச வெயில்ல கிட்டத்தட்ட இருக்காது, பத்து பதினோரு மணிக்கு மேல தான் நல்லா வரும். ஆனா நைட்ரஸ் அமிலத்துக்கு நீண்ட அலை புற ஊதாவே போதும், காலைல ஏழு மணி வெயிலே போதும். ராத்திரி முழுக்க ரோட்டு மேல, சுவர் மேல, தூசி மேல சேந்து வச்ச நைட்ரஸ் அமிலம் விடிஞ்சதும் உடைஞ்சு ஒரே மூச்சுல ஹைட்ராக்சில கொட்டுது, அன்னிக்கு நாளோட மொத்த வேதியியலும் அந்த தள்ளுல தான் கிளம்புது. நடுப்பகல்ல அது பத்து இருபது நிமிஷம் தான் நிக்கும், அப்படி இருந்தும் மதியமும் காத்துல நைட்ரஸ் அமிலம் அளக்குற அளவுக்கு இருக்குன்னா எங்கேயோ ஒரு ஊத்து வெயில்லயே ஓடிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்த ஊத்துல ஒண்ணு தூசி.

அடுத்தது பாக்சைட். மழையும் வெயிலும் பல லட்சம் வருஷமா பாறைய கரைச்சு கரைச்சு, கரையாத அலுமினியம், இரும்பு, டைட்டானியம் மட்டும் மிஞ்சி நின்னது தான் பாக்சைட், சேர்வராயன் மலைத் தலையில இருக்குறதும் அப்படி மிஞ்சினது தான். டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை பெயிண்ட்ல போடுற சாதாரண பொருள், ஆனா புற ஊதா கதிர் பட்டா அதுக்குள்ள ஒரு எலக்ட்ரான் எழும்பி, எழும்பின எலக்ட்ரானும் அது விட்டுட்டு போன காலி இடமும் ரெண்டுமா மேற்பரப்புக்கு வந்து பக்கத்துல இருக்குற தண்ணியையும் ஆக்சிஜனையும் துண்டு துண்டா ஆக்கிடும். 1972ல ஜப்பான்ல ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இத வச்சு வெளிச்சத்துலயே தண்ணிய பிரிச்சு காட்டினாங்க, தானா சுத்தமாகுற கண்ணாடின்னு இன்னிக்கு விக்கிறதுக்கு அடிப்படையும் இது தான். சாதாரண பாலைவனத் தூசியிலயே ஒரு சதவீதம் அளவுக்கு இது இருக்கு, பாக்சைட் மண்ணுல அத விட கூடவே இருக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடு இது மேல பட்டு கூடவே வெயிலும் பட்டா நைட்ரஸ் அமிலம் வருது, இருட்டுல வர்றத விட பல மடங்கு. சல்ஃபர் டை ஆக்சைடு பட்டா சல்ஃபேட்டா மாறுது.

இதுல ஒரு ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியமா படுது. தூசி அதிகமா இருந்தா புது துகள் உருவாகாது, ஏன்னா வர்ற வாயு எல்லாத்தையும் இருக்குற தூசியே இழுத்துக்கும்னு தான் முன்ன நினைச்சுட்டு இருந்தாங்க. 2012ல ஃபிரான்ஸ், ஜெர்மனி ஆய்வாளர்கள் சேந்து வெளியிட்ட ஆய்வுல இது தலைகீழா போச்சு. சல்ஃபர் டை ஆக்சைடு இருக்குற காத்துல தாதுத் தூசி மேல வெயில் பட்டா தூசியில இருந்து ஹைட்ராக்சில் மாதிரியான துண்டுங்க வெளிய காத்துக்கே வந்து, அங்க கந்தக அமிலத்த உண்டாக்கி, தூசிக்கு பக்கத்துலயே புதுசா மிக நுண்ணிய துகள்கள் பிறக்குது. ஒரு பெரிய தூசி, மூக்கு முடியிலயே நிக்கிற அளவு தூசி, வெயில் பட்டு நுரையீரலோட அடி வரைக்கும் போற சின்ன துகள பெத்துப் போடுது. நிலக்கரி எரிக்கிற இடமும் தாதுத் தூசி பறக்குற இடமும் ஒண்ணா இருக்குற ஊர்க்காரங்க இத சும்மா படிச்சுட்டு போயிட முடியாது.

இரும்பு கதை இத விட ஆழமானது. செம்மண் தூசில இருக்குற இரும்பு தண்ணியில கரையாது, அது அப்படியே காத்துல போகுது. ஆனா துகள் மேல அமிலம் ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா கரையுது. கரைஞ்ச இரும்பு, புகையில இருந்தும் மர வாயுவில இருந்தும் வந்த ஆக்சாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் மாதிரி கரிம அமிலத்தோட பிணைஞ்சுக்கும், அந்த பிணைப்பு வெயில்ல ரொம்ப சுலபமா உடையும், சாதாரண நீல வெளிச்சமே போதும். உடையும்போது கார்பன் டை ஆக்சைடு போகும், ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும், அந்த பெராக்சைடும் எலக்ட்ரான் ஒண்ணு கூடுதலா ஏறின இரும்பும் சேந்தா துகளுக்கு உள்ளயே ஹைட்ராக்சில் பிறக்கும். 1894ல ஃபென்டன்ங்கற வேதியியலாளர் சோதனைக் குழாய்ல பாத்த அதே வினை தான், இப்ப ஒரு மைக்ரான் சொட்டுக்குள்ள நடக்குது. இப்படி கரையுற பக்குவத்துக்கு வந்த இரும்பு கடல்ல போய் விழுந்தா அங்க மிதவை உயிரிகளுக்கு சத்து, அதனால தூசி மேல படுற வெயில் கடலோட வளத்தையும் தீர்மானிக்குது.

இதுல 2022ல சயன்ஸ் இதழ்ல வந்த சூரிச் ஆய்வு ஒண்ணு இருக்கு, ரூத் சிக்னோரெல் குழுவோடது. இரும்பு சிட்ரேட் துகள எடுத்து எக்ஸ்ரே நுண்ணோக்கில வச்சு உள்ள எந்த இடத்துல வினை வேகமா நடக்குதுன்னு படமே எடுத்தாங்க. வெளிச்சம் துகளுக்குள்ள சமமா பரவல. பள்ளிக்கூடத்துல பூதக்கண்ணாடி வச்சு காகிதத்த பத்தவச்சோமே, அது மாதிரி அந்த குட்டி உருண்டையே வில்லையா வேலை செஞ்சு வெளிச்சத்த உள்ள சில புள்ளியில குவிக்குது, அந்த இடத்துல வினை ரொம்ப வேகம். மொத்தமா பாத்தா அதே கரைசல் ஒரு பாத்திரத்துல இருக்கறத விட துகளுக்குள்ள ரெண்டுல இருந்து மூணு மடங்கு வேகமா நடக்குது. இத்தன நாள் பாத்திரத்துல அளந்த வேகத்த எடுத்து காத்துல இருக்குற துகளுக்கு போட்டு கணக்கு பண்ணின எல்லாரும் யோசிக்க வேண்டிய விஷயம் இது. துகள் சின்னதா இருக்குறதே வேதியியல மாத்திடுது.

அளவுன்னு சொன்னதும் மேற்பரப்பையும் சொல்லிடணும். ஒரு சென்டிமீட்டர் கன சதுரக் கல்லுக்கு மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரான் துண்டா உடைச்சா 6 சதுர மீட்டர், ஒரு சின்ன ரூமோட தரை. எடை மாறல, ஆனா வெயிலும் வாயுவும் பட்டு வேலை நடக்குற இடம் பத்தாயிரம் மடங்கு ஆயிடுச்சு. எடைக்கணக்கு எத மறைக்குதுன்னு நான் சொன்னது இத தான்.

குளோரின் கதைய சுருக்கமா சொல்றேன், சேலம் கடல்ல இருந்து தூரம். கடல் உப்பும் இரும்புத் தூசியும் கலந்த துகள்ல வெயில் பட்டா குளோரின் அணு வெளிய வருது, அது மீத்தேன உடைக்கும், வட அட்லாண்டிக் மேல சஹாரா தூசி போற பாதையில இது நடக்குதுன்னு 2023ல ஆய்வு வந்துச்சு. உள்ளூருக்கு வந்தா பிளாஸ்டிக் குப்பை எரிக்கும்போது குளோரைடு வருது, அது துகள்ல ஒட்டி ராத்திரியில நைட்ரஜன் ஆக்சைடோட சேந்து ஒரு வாயுவாகி காலை வெயில்ல குளோரின் அணுவா உடையும். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2021ல டெல்லி, சென்னை காத்துல குளோரைடு எப்படி துகள வளத்து பனிமூட்டத்த கெட்டியாக்குதுன்னு காட்டினாங்க. போகியன்னிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் எரிச்சா புகை அன்னியோட போகாது, மறுநாள் காலை வெயில் வரைக்கும் அதுக்கு வேலை இருக்கு.

புகைன்னதும் கரியோட நிறம். கோடைல மலைச்சரிவுல காஞ்ச புல்லும் சருகும் பத்திக்கும்போதும் விறகு அடுப்புலயும் வர்ற புகைல கருப்பு கரி மட்டும் இல்ல, பழுப்பு கரிமப் பொருளும் நிறைய இருக்கு. அது புற ஊதாவையும் நீலத்தையும் உறிஞ்சும், அதனால கீழ இருக்குற காத்துக்கு போற வெளிச்சத்த குறைச்சு ஓசோன் உருவாகறத கொஞ்சம் தடுக்கும். அதே நேரம் உறிஞ்சின சக்திய வச்சுகிட்டு பக்கத்து மூலக்கூறுகள தாக்கி தானும் மாறும், கூட இருக்குறதையும் மாத்தும். புகையோட நைட்ரஸ் அமிலமும் நேராவே வருது. ஆக ஒரே புகை ஒரு கையால வெளிச்சத்த மறைச்சு இன்னொரு கையால ஹைட்ராக்சில கொடுக்குது. அந்த பழுப்பு நிறம் வெயில்ல வெளுத்தும் போகும், துணி வெளுக்கற அதே ஒளிவேதியியல் தான், டெல்லி பக்கத்துல கிளம்பின பழுப்புப் புகை வங்கதேசம் தாண்டி மாலத்தீவு போய் சேரும்போது பெருமளவு நிறம் இழந்துடுதுன்னு அளந்திருக்காங்க. அண்ணாமலை பல்கலைக்கழகத்துல படிச்ச காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன் 1999ல இந்தியப் பெருங்கடல்ல நடந்த இண்டோஎக்ஸ் ஆய்வுல தலைமைப் பொறுப்புல இருந்தவர், தெற்காசியா மேல கிளம்பி கடல் வரைக்கும் படர்ற அந்த பழுப்பு மூட்டத்த உலகத்துக்கு தெரிய வச்சதுல அவருக்கு பெரிய பங்கு. துகள்கள் மொத்தமா பூமிய குளிர வைக்குது, ஐநாவோட காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியோட 2021 அறிக்கைப்படி சதுர மீட்டருக்கு சுமார் 1.1 வாட், ஆனா எவ்ளோ பழுப்பு எத்தன நாள் நிலைக்குதுங்கறத பொறுத்து அந்த எண்ணு ஆடும், அதுல வெயில் பண்ற வெளுப்பும் சேத்தி.

இதெல்லாம் கீழ ஊருக்குள்ள. மலைக்கு போனா வேற சங்கதி. காலைல வெயில் ஏறினதும் சரிவு சூடாகி காத்து மேல ஏறும், ராத்திரியில குளுந்து கீழ இறங்கும், எந்த மலைக்கும் இது பொது. அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நாம ஏற்காடு போற மாதிரி சேலத்து காத்தும் மதியம் மேல ஏற பாக்குது, போற வழியிலேயே வெந்துகிட்டு போகுது. ஊருக்குள்ள அஞ்சு ரோடு மாதிரி நெரிசல்ல புதுசா வர்ற நைட்ரிக் ஆக்சைடு ஓசோன தின்னுடும், அதனால நெரிசல் இடத்துல ஓசோன் குறைவா தெரியும், காத்து அத விட்டு விலகி போன பிறகு தான் ஓசோன் கூடும். மேல மரங்கள், தைல மரம் சில்வர் ஓக்ன்னு எஸ்டேட் முழுக்க, அதுல தைல மரம் மாதிரி மரங்க வெயிலும் சூடும் கூட கூட ஐசோப்ரீன், டெர்பீன் வாயு விடும். தூரத்துல இருந்து மலை நீலமா புகைஞ்ச மாதிரி தெரியுதே, அதுல ஒரு பங்கு இந்த மர வாயு ஆக்சிஜனேறி ஆன மிகச் சின்ன துகள் வெளிச்சத்த சிதறடிக்கிறது தான், ஃப்ரிட்ஸ் வென்ட் 1960லயே இத எழுதினார். மர வாயு மட்டும் இருந்தா பெரிய கெடுதல் இல்ல, கீழ இருந்து நைட்ரஜன் ஆக்சைடும் அத திருப்பிக் கொடுக்குற நைட்ரேட் தூசியும் வந்து கலந்தா தான் ஓசோன் சமையல் முழுசா நடக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினா புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும், சேலம் 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர், அப்ப கீழ விட மேல பத்து பன்னெண்டு சதவீதம் அதிக புற ஊதா. ஓசோன் இலைத்துளை வழியா உள்ள போய் இலைய சுடும், காப்பித் தோட்டம் வச்சிருக்கறவங்க மழை பூச்சி விலை பாக்குற மாதிரி இதையும் பாக்க வேண்டிய காலம் வந்துடுச்சு.

தூசி வினைய வளக்குதுன்னா அப்ப தூசிய குறைச்சா எல்லாம் சரியாகிடுமான்னா, அங்க தான் சிக்கல். சீனாவுல 2013ல இருந்து 2017க்குள்ள பிஎம் 2.5 பெரிய அளவுல, கிழக்குல சுமார் 40 சதவீதம் குறைஞ்சுது, ஆனா கோடை ஓசோன் ஏறுச்சு. துகள்கள் ஓசோன உண்டாக்குற துண்டுகள உறிஞ்சி விழுங்கிட்டு இருந்துச்சு, துகள் போனதும் விழுங்க ஆளில்லன்னு 2019ல ஒரு விளக்கம் வந்துச்சு, அதுக்கு எதிர்வாதமும் இருக்கு. வெயில மறைச்சுட்டு இருந்த மூட்டம் விலகினதும் ஒரு காரணம். 2020 ஊரடங்குலயும் நம்ம நாட்டு நகரங்கள் பலதுல நைட்ரஜன் ஆக்சைடு விழுந்துச்சு, ஓசோன் கூடவே விழல, சில ஊர்ல ஏறுச்சு. துகள் ஒரே நேரத்துல நிழலாவும் இருக்கு, விழுங்குறதாவும் இருக்கு, ஊத்தாவும் இருக்கு, எந்த வேலை ஜெயிக்கும்ங்கறது அந்த ஊர் தூசி என்ன தூசிங்கறத பொறுத்தது. டெல்லி கணக்கோ பீஜிங் கணக்கோ சேலத்துக்கு அப்படியே பொருந்தாது, அங்க அம்மோனியம் நைட்ரேட் மூட்டம் பெருசு, இங்க மண்ணும் கல்லும் கூட.

அதனால சேலத்துக்கு வேண்டியது சேலத்து தூசிய வச்சு எடுத்த அளவு. பெரியார் பல்கலைக்கழகம் கருப்பூர்ல வெள்ளக்கல் பூமிய ஒட்டியே இருக்கு, மாதிரி எடுக்க தூரம் போக வேண்டியதே இல்ல. வடிதாள்ல ஒரு நாள் காத்த இழுத்து தூசிய பிடிச்சு, பாதிய தண்ணில ஊறவச்சு நைட்ரேட், குளோரைடு, கரைஞ்ச இரும்பு எவ்ளோன்னு பாக்கலாம். மீதி பாதிய ஈரப்பதம் 40லயும் 70லயும் மாத்தி மாத்தி வச்சு புற ஊதா விளக்குக்கு அடியில காட்டி எவ்ளோ நைட்ரஜன் டை ஆக்சைடும் நைட்ரஸ் அமிலமும் வெளிய வருதுன்னு அளக்கலாம். மாமாங்கத்துல ஒரு மாதிரி, கஞ்சமலை பக்கம் செம்மண்ணுல ஒரு மாதிரி, ஏற்காடு மலை விளிம்புல இருக்குற லேடிஸ் சீட்ல ஒரு மாதிரி, ஏப்ரல்ல ஒரு தடவை டிசம்பர்ல ஒரு தடவை. கூடவே ஏற்காட்டுல ஓசோன் கருவி ஒண்ணு வருஷம் முழுக்க ஓடட்டும். அது வர்ற வரைக்கும் பிள்ளைங்களயும் ஆஸ்துமா இருக்குறவங்களயும் கோடைல மதியம் ஒரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் வெயில்ல ஓடியாட விடாதீங்க, ஓசோன் உச்சத்துல இருக்குற நேரம் அது, அப்ப காத்து பாக்க தெளிவாவே இருக்கும்.